உள்ளே அடைபட்ட ஈரம்: வாலாஜாவில் செய்த மரப் பொய்யிரைகள் ஏன் வெடித்தன?

வாலாஜாவில் கதவும் ஜன்னலும் செய்து பிழைக்கும் தச்சர் ஒருவர், கடை சாத்திய பிறகு மரத்தில் பொய்யிரை செதுக்குகிறார். தூண்டிலில் புழுவுக்கும் தவளைக்கும் பதிலாகக் கட்டி வீசும் மரமீன் அது. தூண்டில் போடும் இளைஞர்கள் ‘லூர்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். ஒரு பனிக்காலத்தில் அவர் செய்து கொடுத்த தொகுதி, அடுத்த கோடை முடிவதற்குள் ஏறக்குறைய முழுவதுமே கெட்டுப்போனது. சிலவற்றில் வண்ணம் கொப்புளித்தது. சிலவற்றின் வால்பக்கம் நீளவாக்கில் வெடித்தது. மிதக்க வேண்டியவை தண்ணீரில் தாழ்ந்தன. ஓரிரண்டு மூழ்கியே போயின. வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பெயிண்டைக் குறை சொன்னார்கள். தச்சரும் அதை நம்பி, இன்னும் விலை கூடிய பெயிண்ட் வாங்கக் கிளம்பினார்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையின் ஃபினிஷிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். தோலின்மேல் பூசிய படலம் ஏன் நிற்கிறது, ஏன் உரிகிறது என்று பார்ப்பதுதான் அங்கே என் தொழில். அதனால் கெட்டுப்போனவற்றையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். நான் பார்த்ததையும், அதன்பின் இருவருமாக மாற்றிச் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கேட்டில் பெயிண்டுக்குப் பங்கு மிகக் குறைவு. மரத்தை எந்த ஈரநிலையில் மூடினார்கள், மூடிய பிறகு எங்கே துளையிட்டார்கள் என்ற இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தன.

ஏரியும் விராலும்

இந்த இரைகள் வேலை செய்யும் இடம் காவேரிப்பாக்கம் ஏரியும் சுற்றியுள்ள சிற்றேரிகளும். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வந்து நிரம்பும் ஏரி அது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்தப் பகுதி ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. பழைய ஆட்களுக்கு இன்றும் எல்லாம் வட ஆற்காடுதான். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து பல ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போயின. அதற்குப் பிறகு கரையோரம் தூண்டிலோடு நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி கூடிவிட்டார்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் யாரும் வீசக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார்கள்.

இங்கே எல்லோரும் தேடுவது விரால். செவுள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். தலைக்குள் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. ஆகாயத்தாமரையின் ஓரத்திலும் அல்லி இலைகளுக்கு இடையிலும் காத்திருந்து, மேற்பரப்பில் துடிக்கும் எதையும் பாய்ந்து கவ்வும். ஆகவே விராலுக்கு மிதக்கும் இரைதான் பொருத்தம். உயிருள்ள தவளையை முள்ளில் கோர்க்கும் பழைய வழக்கத்துக்கு மரத்துண்டு ஒன்று மாற்றாக வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

மழைக்காலத்தில் விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் குமிழியிட்டு நகரும். அடியில் தாயோ தந்தையோ இருக்கும். அந்த மீன் இரையைத் தாக்குவது பசியால் அல்ல, குஞ்சுகளுக்கு ஆபத்து என்று நினைத்து. அதைப் பிடித்துவிட்டால் அந்தக் கூட்டத்துக்குப் பாதுகாப்பு இல்லை. மற்ற மீன்களும் பறவைகளும் சில நாளில் தின்று தீர்த்துவிடும். குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டிக்குள் இருந்தவை

எல்லாம் ஒரே வடிவம். ஏறக்குறைய 9 செ.மீ. நீளம், கடைசலில் உருட்டிய உடல், முகத்தில் கிண்ணக் குழி. தூண்டில் நரம்பைச் சுண்டி இழுத்தால் அந்தக் குழி தண்ணீரை முன்னால் தள்ளி ‘களக்’ என்று ஓசை எழுப்பும். வயிற்றின் பின்பக்கம் ஈயக்குண்டு புதைத்திருந்தது. மூக்கிலும் வயிற்றிலும் வாலிலும் வளையத் திருகாணி முடுக்கியிருந்தது. பெரும்பாலானவை வேலியில் வெட்டிய கல்யாண முருங்கையில் செய்தவை. சில, பழைய கதவுச் சட்டத்தில் மிஞ்சிய தேக்குத் துண்டில். இரண்டுக்கும் ஒரே முறையில்தான் பூச்சு: பட்டி, பிரைமர், எனாமல், அதற்குமேல், இரு பாகங்களைக் கலந்தால் இறுகும் பிசினான, கண்ணாடிபோலத் தெளிந்த எபாக்சி.

எல்லாம் பூசி முடித்து, பளபளப்பு வந்த பிறகுதான் திருகாணிக்குத் துளை போட்டிருக்கிறார். “முதலில் துளை போட்டால் பெயிண்ட் போய் அடைத்துக்கொள்கிறது சார், அதனால் கடைசியில் போடுகிறேன்” என்றார். தச்சுப் பட்டறையில் கதவுக்குப் பிடி பொருத்துவது அப்படித்தான். கதவு தண்ணீரில் கிடப்பதில்லை.

பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது, முள்கூட மாட்டாத புதிய இரை ஒன்று. யாரும் வாங்காமல் தகரக் கொட்டகையின் பரணில் கிடந்தது; தண்ணீரையே பார்த்ததில்லை. அதன் முதுகிலும் கொப்புளங்கள். வெளியிலிருந்து நீர் புகுந்து வண்ணத்தைக் கிளப்பியது என்ற விளக்கம் அந்த இடத்திலேயே உடைந்தது. இதற்குள் ஈரம் இருந்திருந்தால், அது மரத்தோடு வந்த ஈரமாகத்தான் இருக்க வேண்டும்.

தேக்கில் செய்தவற்றில் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அவையும் வெடித்திருந்தன. வெடிப்பு எல்லாவற்றிலும் வால் திருகாணியில் தொடங்கி, நீளவாக்கில் முன்னோக்கி ஓடியது. ஆக, இரண்டு கேடுகள், இரண்டு காரணங்கள். ஒரே பெட்டியில் கலந்து கிடந்ததால் ஒன்றாகத் தெரிந்தன.

மூன்றாவதாக ஓர் இரையின் விலாவில் பிசுபிசுப்பான தழும்பு இருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது. இதைத்தான் ‘மட்டமான பெயிண்ட்’டுக்குச் சான்றாக எல்லோரும் காட்டினார்கள். விசாரித்தால், அதை வாங்கியவர் மென்மையான பிளாஸ்டிக் தவளையோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கக் கலக்கும் எண்ணெய்ப் பொருள், ஒட்டிக் கிடக்கும் வண்ணப் படலத்துக்குள் ஊறி அதை இளக்கிவிடும். விலை கூடிய பெயிண்டிலும் இது நடக்கலாம். அந்த இரையைத் தனியே எடுத்து வைத்துவிட்டோம். இந்த ஆய்வுக்கு அது சாட்சி அல்ல.

அறுத்துப் பார்த்தது

தண்ணீர் படாத அந்த இரையை மெல்லிய வாளால் குறுக்கே அறுத்தோம். கொப்புளம் ஒன்றை ஊசியால் கிள்ளித் தூக்கியபோது எனாமலும் பிரைமரும் பட்டியும் ஒன்றாகவே எழுந்து வந்தன. அவற்றுக்குள் பிரிவு இல்லை. பட்டியின் அடிப்புறம் மரத்தூள்கூட ஒட்டாமல் வழவழப்பாக இருந்தது. அதாவது பூச்சுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை, மரத்தைத்தான் விட்டுப் பிரிந்திருக்கின்றன. மரத்தை மோந்து பார்த்தேன். பச்சை மரத்தின் புளித்த வாடை இன்னும் இருந்தது.

நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி நகைத் தராசில் நிறுத்தோம்: 5.9 கிராம். அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்தி மறுபடி நிறுத்தபோது 4.9. ஒரு கிராம் தண்ணீர். உலர்ந்த எடையில் கணக்கிட்டால் 20 சதவீத ஈரம். எங்கள் ஊர்க் கோடைக் காற்றில் திறந்து கிடக்கும் மரம் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இந்தத் துண்டால் இறங்க முடியவில்லை. நான்கு அடுக்குப் பூச்சு அதை மூடியிருந்தது.

அதன்பின் மே மாதம் வந்தது. வேலூர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பரண் எப்படிக் கொதிக்கும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. 30 டிகிரியில் இருப்பதைப்போல 4 மடங்குக்கும் மேலான அழுத்தம் 60 டிகிரியில் நீராவிக்கு உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எபாக்சிகளில் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். உள்ளேயிருந்து ஆவி தள்ளுகிறது. அதே வேளையில் மேலே இருக்கும் கூடும் தளர்கிறது. கொப்புளம் எழ வேறென்ன வேண்டும்? விலை கூடிய பெயிண்ட் பூசியிருந்தால், விலை கூடிய கொப்புளம் எழுந்திருக்கும்.

வால் வெடிப்புக்கு வேறு சோதனை. வெடிப்பு இன்னும் சிறிதாக இருந்த தேக்கு இரை ஒன்றை எடுத்து, வால் திருகாணியின் அடியில் நீலப் பேனா மை ஒரு சொட்டு விட்டோம். இரவு முழுக்க நிற்கவைத்து, காலையில் உளியை நாரின் திசையில் வைத்துப் பிளந்தோம். திருகாணியின் மரை முழுவதும் நீலம். மரை முடிந்த இடத்திலிருந்து மெல்லிய கோடுகளாக மை முன்னோக்கி ஓடி, வயிற்றில் ஈயம் புதைத்த குழியை எட்டியிருந்தது. பக்கவாட்டில் அது ஒரு நூல்கூடப் பரவவில்லை. தச்சர் அந்தப் பிளவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாமே வாய்க்கால் வெட்டி விட்டிருக்கிறோம் சார்” என்றார்.

மரத்தில் நீர் ஏறும் குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் மரத்தின் குறுக்குவெட்டு முகம், பக்கமுகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். பொய்யிரையில் மூக்கும் வாலும் அந்த முகங்கள்தான். திருகாணி போடுவதும் அங்கேதான். ஈரம் ஏறினால் மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட வளர்வதே இல்லை, அகலவாக்கில்தான் உப்பும். அதிலும் மரத்தின் வயது வளையங்களை ஒட்டிய திசையில் உப்புவது, ஆரத் திசையில் உப்புவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே கெட்டியான கூடு. உள்ளே ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் உப்பும் மரம். கூடு நீளவாக்கில் கிழியும். கிழிந்த இடத்தில் இன்னும் தண்ணீர். மீன் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் திருகாணி ஆடி, துளையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தும்.

மூழ்கியதன் கணக்கு

மூழ்கிய இரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தச்சர் ஒழுங்கானவர், புதிதாகச் செய்தபோது ஒவ்வொன்றின் எடையையும் அட்டையில் பென்சிலால் குறித்திருந்தார். கல்யாண முருங்கை இரை 20 கிராம். மூழ்கியதை இப்போது நிறுத்தால் 24 கிராமைத் தாண்டியது.

நிரம்பிய டம்ளருக்குள் இரையை அமிழ்த்தி, வழிந்த நீரை நிறுத்து அதன் கன அளவைக் கண்டோம்: 24 மி.லி. அவ்வளவு நீரை விலக்கும் பொருள் 24 கிராமுக்குக் குறைவாக இருக்கும்வரை மிதக்கும். இந்தக் கணக்கைச் செதுக்குவதற்கு முன்பே போட்டுவிடலாம். கல்யாண முருங்கை நன்றாகக் காய்ந்தால் கன செ.மீ.க்கு 0.3 கிராம் அளவில் நிற்கும். ஆக உடல் 7 கிராம். முள், வளையம், திருகாணி எல்லாம் 4.5. பட்டியும் பூச்சுகளும் 2.5. ஈயம் 6. கூட்டினால் 20. மிதப்புக்குக் கையிருப்பு 4 கிராம்தான். (உலோகமும் தன் பங்குக்குச் சிறிது நீரை விலக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பிழை நமக்குச் சாதகமான பக்கமே இருக்கும்.) அந்த 4 கிராமை வால் துளை வழியே ஏரி எடுத்துக்கொண்டது. மூழ்குவதற்கு வெகு முன்பே, கையிருப்பில் பாதி போனபோதே, இரை தாழ்ந்து மிதந்து ‘களக்’ ஓசையை இழந்திருக்கும். ‘இந்த லூருக்கு இப்போது மீன் வருவதில்லை’ என்று ஒருவர் சொன்னதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மறுபடி செய்தது

மரத்திலிருந்து தொடங்கினோம். கல்யாண முருங்கையைக் கைவிடவில்லை. எடை குறைந்த மரம் என்பதால் ஈயம் கூட வைக்கலாம், தூரம் வீசலாம். ஆனால் இந்த முறை அறுத்த துண்டுகளின் இரு முனைகளிலும் உருகிய மெழுகைத் தடவினார். முனை மட்டும் முந்திக் காய்ந்து வெடிக்காமல் இருக்க அது உதவும். நிழலில், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, வாராவாரம் நிறுத்தார். எடை இறங்குவது நிற்கும்வரை உளி தொடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அவசரப்பட்டுக் கேட்டவர்களை அவர் திருப்பி அனுப்பினார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

இன்னொரு பாதியைப் பைன் மரத்தில் செய்தோம். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்து இறங்கும் பெட்டிகளின் பலகை பழைய மரக்கடைகளில் கிடைக்கிறது. நாரில் முடிச்சு இல்லாத பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். பலகையில் உள்ள முத்திரையையும் பாருங்கள். ‘எச்.டி.’ என்று இருந்தால் பூச்சி சாக வெப்பமூட்டியது, ‘எம்.பி.’ என்றால் மீதைல் புரோமைடு புகையிட்டது, அதைத் தொடாமல் விடுவதே நல்லது. வெப்பமூட்டிய பலகை காய்ந்த பலகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முத்திரைக்கான விதி கேட்பது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. ஈரம் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. மழையில் கிடந்த பெட்டி என்றால் அதையும் காயவைத்தாக வேண்டும்.

திருகாணியை முற்றாகக் கைவிட்டோம். கல்யாண முருங்கையின் மெத்தென்ற உடலில் மரை பிடிப்பதே இல்லை. பதிலாக, மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருப்பிடிக்காத கம்பி, 1 மி.மீ. தடிமன். வயிற்றின் அடியில் நீளமாகக் காடி அறுத்து, இரு முனையிலும் வளையமாகச் சுற்றிய கம்பியை அதில் படுக்கவைப்பது. நரம்பு கட்டும் வளையமும் முள் மாட்டும் வளையமும் ஒரே கம்பி. இடையில் உடல் உடைந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது, வாயில் முள்ளோடு திரியவும் செய்யாது.

முள்ளையும் மாற்றினோம். வயிற்றில் தொங்கிய மும்முள் ஆகாயத்தாமரையின் வேரை அள்ளிக்கொண்டே வந்தது. வாலில் மட்டும் இரட்டை முள் ஒன்று, கூர் மேல்நோக்கி, முதுகின் வளைவை ஒட்டிப் படியும்படி. இலைகளுக்கு மேலே வழுக்கி வருகிறது.

ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி ஊற்றுவதை நிறுத்தச் சொன்னேன். 327 டிகிரியில் உருகும். சமையல் பாத்திரத்திலேயே உருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாத்திரத்தில் இருந்தும் தரையில் விழுந்த தூளில் இருந்தும் குழந்தைகளின் உடம்புக்குள் ஈயம் போகும். கடையில் கிடைக்கும் சிறு குண்டுகளைக் குழியில் இட்டு எபாக்சியால் மூடினால் போதும். குண்டைப் பல்லால் கடித்து நசுக்கும் பழக்கமும் வேண்டாம்.

இதுவரை சொன்ன காடி, குழி, கம்பி நுழையும் துளை எல்லாம் பூச்சுக்கு முன்பே முடிந்துவிட்டன. இந்த வரிசை மாற்றம்தான் என் கணக்கில் முழு வேலையின் உயிர்.

மரத்தை மூடுவது

பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ரபாலா 1936இல் தன் முதல் இரையைத் தக்கையில் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கினார். மின்னுவதற்குச் சாக்லேட் சுற்றிய தகட்டுத்தாளை ஒட்டினார். நீர் புகாமல் இருக்கப் பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். அந்தப் படச்சுருள் செல்லுலோஸிலிருந்து செய்தது. நம் தச்சர்கள் மரத்தின் நுண்துளைகளை அடைக்கக் கதவுக்கு அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் சாண்டிங் சீலரும் அதே குடும்பம்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஆலைகளில் தோலுக்கு மேற்பூச்சாக அடிக்கும் லாக்கரும் அதே குடும்பம். எங்கள் ஊரில் பட்டறைக்குப் பட்டறை இருக்கும் பொருளை வெளியில் தேட வேண்டிய அவசியம் இல்லை.

தின்னர் கூட்டி நீர்க்கச் செய்த சீலரில் இரையை முழுதாக அமிழ்த்தினோம். துளைகளிலிருந்து காற்று நூல்போலக் குமிழியிட்டு எழும். குமிழி நிற்கும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். மரத்தின் குழாய்களுக்குள் சீலர் இறங்குவது அந்த நேரத்தில்தான். எடுத்துத் தொங்கவிட்டு, காய்ந்தபின் உப்புத்தாளால் எழும்பிய நாரைத் தேய்த்து, மறுபடி அமிழ்த்த வேண்டும். மூக்குக்கும் வாலுக்கும் தூரிகையால் கூடுதலாக. பிறகு பொறுமை. தின்னர் வாடை மூக்குக்குத் துளியும் எட்டாத வரை அடுத்த வேலை இல்லை. உள்ளே தங்கிய தின்னரும் ஈரத்தைப்போலவே கொப்புளம் எழுப்பும். தோல் ஃபினிஷிங்கில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன். வெட்டவெளியில் செய்யுங்கள், அருகில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

வேறு இரண்டு வழிகளையும் எண்ணிப் பார்த்தோம். கடற்கரையில் படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெய் மரத்தை நன்றாகக் காக்கும். ஆனால் தோலைப் பொசுக்கும், நிறம் கறுக்கும். ஆளிவிதை எண்ணெய் அழகாக ஊறும். காய நாள் பிடிக்கும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். மரத்தூள் நிறைந்த பட்டறையில், வேலூர்க் கோடையில், அந்த ஆபத்தை ஏற்க நான் சம்மதிக்கவில்லை.

சீலர் காய்ந்தபின் கம்பியையும் ஈயத்தையும் வைத்து, எபாக்சியில் மரத்தூள் குழைத்துக் காடியை நிரப்பினோம். தட்டையாக இழைத்து, அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் சீலர்.

வண்ணம் தீட்டுவது தச்சரின் மகிழ்ச்சி. அதில் நான் தலையிடவில்லை. கீழே இருந்து வானத்தைப் பார்க்கும் விராலுக்குப் பெரும்பாலும் நிழலுருவம்தான் தெரியும் என்பதால் வயிறு கறுப்பாக இருந்தாலும் குறையில்லை. கொசுவலைத் துணியை இறுகச் சுற்றி அதன்மேல் வெள்ளி வண்ணத்தைத் தெளித்து, துணியை உரித்தார். ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக எழுந்து நின்றது.

எபாக்சி பூசும் வேளை

கடைசிப் படலமான எபாக்சியை எப்போது பூசுவது என்பதில்தான் எங்கள் ஊருக்கென்று தனி நியாயம் இருக்கிறது. மரத்துக்குள் எப்போதும் காற்று உண்டு. வெயில் ஏறும் வேளையில் பூசினால் அந்தக் காற்று விரிந்து, இறுகாத எபாக்சியைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். காய்ந்தபின் ஊசிமுனைத் துளைகள் நிற்கும், அவை ஒவ்வொன்றும் நீருக்கு வழி. தச்சர் முன்பு காலையில், நல்ல வெளிச்சம் என்று பூசிக்கொண்டிருந்தார். இப்போது வெயில் தாழ்ந்த பிறகு பூசுகிறார். பகல் வெப்பத்தில் இருந்த உடல் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, எபாக்சியை நுண்துளைக்குள் இழுத்துக்கொள்கிறது.

சூடு இன்னொரு வகையிலும் குறுக்கிடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எபாக்சி இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 25 டிகிரிக்குச் சொன்ன 30 நிமிட அவகாசம் மே மாதத்தில் 10 நிமிடமாகச் சுருங்கலாம். கலந்த எபாக்சியைக் குவளையில் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே இன்னும் விரைவில் இறுகும். அகலத் தட்டில் பரப்பி வைத்தால் அவகாசம் கிடைக்கும். இரு பாகங்களையும் கண்ணளவில் ஊற்றாமல், டப்பாவில் சொன்ன விகிதப்படி அளக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் பூசவே வேண்டாம். ஈரக்காற்றில் மேற்பரப்பு மங்கி, எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும்.

பூசியதும் வழிந்து ஒரு பக்கம் திரளாமல் இருக்க, பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டாரை ஒரு சட்டத்தில் பொருத்தி, இரையை அதில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டார். அந்த மின் இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தே செய்துகொண்டோம்.

ஏரி சொன்ன பதில்

புதிய தொகுதி வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் ஏரிகளில் புழங்கியது. தை மாதம் அவற்றைத் திரும்ப வாங்கி நிறுத்தோம். பெரும்பாலானவை அரை கிராம்கூட ஏறவில்லை. கொப்புளம் எதிலும் இல்லை; ஆனால் அவை இன்னும் ஒரு கோடையைக் கடக்கவில்லை என்பதால் இதை முழு வெற்றி என்று நான் அறிவிக்க மாட்டேன். வால்பக்கம் வெடித்தது ஒன்றும் இல்லை.

இரண்டில் மட்டும் ஒரு கிராமுக்கு மேல் ஏறியிருந்தது. ஒன்று மதகுக் கல்லில் மோதி மூக்கின் கிண்ண விளிம்பு சில்லு பெயர்ந்தது. மற்றதில் விராலின் பல் எபாக்சியைத் துளைத்திருந்தது. விலாவில் நான்கைந்து புள்ளிகள், பெரிதாக்கும் கண்ணாடி வைத்தால்தான் தெரியும். இரண்டுமே கல்யாண முருங்கை. அடி விழுந்தால் மரம் உள்வாங்குகிறது, மேலிருக்கும் கெட்டிப் படலம் வளைய முடியாமல் உடைகிறது. பைன் இரைகளில் பல் பதிந்த தடம் இருந்தும் படலம் துளைபடவில்லை. அதனால் பாறைக் கரையில் வீசுகிறவர்களுக்குப் பைன், ஆகாயத்தாமரைக்கு நடுவே தூரம் வீசுகிறவர்களுக்குக் கல்யாண முருங்கை என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பைன் உடல் 24 மி.லி.க்கு 11 கிராம் அளவில் வரும் என்பதால், ஈயத்தை 2 கிராமாகக் குறைத்தால்தான் அதே மிதப்பு நிற்கும்.

பல் பட்ட துளையை அன்றைக்கே எபாக்சி வைத்து மூடிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். நிழலில் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டு, எடை பழைய அளவுக்கு இறங்கிய பிறகு ஒரு சொட்டு சீலர், அது காய்ந்தபின் எபாக்சி. இதற்காகவே இப்போது தச்சர் ஒவ்வொரு இரையின் எடையையும் அதன் வயிற்றிலேயே, எபாக்சிக்கு அடியில், மெல்லிய தூரிகையால் எழுதிவிடுகிறார். வாங்குகிறவர்களுக்கு அவர் சொல்லி அனுப்புவது இரண்டு: பிளாஸ்டிக் தவளையோடு சேர்த்துப் போடாதீர்கள், பைக்கின் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள்.

மூக்கில் கம்பி வெளிவரும் இடம் மட்டும் இன்னும் எனக்குத் திருப்தி தரவில்லை. நரம்பு இழுக்க இழுக்கக் கம்பி அதிர்ந்து, அதைச் சுற்றி எபாக்சியில் மயிரிழை வட்டம் ஒன்று விழுகிறது. அடுத்த தொகுதியில் அந்தத் துளைக்குள் சிறு பித்தளைக் குழாயை முதலில் ஒட்டி, அதன் வழியே கம்பியை விடப் போகிறார். மரம் ஏற்கெனவே அடுக்கில் காய்கிறது.